கருவிகளுக்கும் ஒரு பொதுமொழி

மனிதர்கள் கூடி வாழ மொழி தேவைப்படுவது போல, இன்று நம் வீட்டுக் கருவிகளுக்கும் மொழி தேவைப்படுகிறது. திறன்பேசியால் இயக்கக்கூடிய விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு முதலியவற்றை விவேகக் கருவிகள் என்கிறோம். தனித்தனியே இவை நன்றாகவே வேலை செய்கின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளைச் சேர்த்து வேலை வாங்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதன் காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்து வேறு, மொழி வேறு

தமிழ்ப்பள்ளியில் மலாய், ஆங்கிலம் இரண்டையும் ஒரே ரோமன் எழுத்துகளில்தான் படித்தோம். எழுத்துக்கூட்டத் தெரிந்தால் இரண்டையும் வாசித்துவிடலாம். ஆனால், பொருள் விளங்க அந்தந்த மொழி தெரிய வேண்டும்.

கருவிகளின் நிலையும் இதுவே. ஜிக்பீ, த்ரெட் என்னும் இரண்டும் ஐ.இ.இ.இ. 802.15.4 என்ற ஒரே வானலைத் தரத்தை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பயன்படுத்துகின்றன. ஆயினும் ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு விளங்காது. இசட்-வேவ் பயன்படுத்தும் அலைவரிசையோ நாட்டுக்கு நாடு மாறுபடும். எனவே, வெளிநாட்டில் வாங்கி வந்த கருவி இங்குள்ள கருவியோடு சேராமல் போகலாம்.

சுற்றுவழியும் அதன் ஆபத்தும்

எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பாட்டி இரவில் எழுந்து நடக்கும்போது நடைவழி விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். அசைவு உணரி ஜிக்பீ வகை. விளக்கு வேறொரு நிறுவனத்தின் வைஃபை வகை. உணரியின் செய்தி அதன் மையக்கருவிக்குப் போய், இணையவழி ஒரு நிறுவனத்தின் சேவையகத்திற்கும் அடுத்த நிறுவனத்தின் சேவையகத்திற்கும் சென்று, பிறகே விளக்கை வந்தடைந்தது. பத்தடி தூரத்திற்கு இத்தனை பயணம்! இணையம் துண்டிக்கப்பட்டால் பாட்டி இருட்டில்தான் நடக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நிறுவனமே சேவையகத்தை மூடிவிடுவதாகும். 2014-இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் மையக்கருவியின் சேவை 2016 மே மாதம் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் நிறுவனத்தின் சேவையகங்கள் திடீரென நின்றுபோயின. பின்னர் அதன் பயனர்கள் சிலரே அதனை வாங்கி மீட்டனர். காசு கொடுத்தவர் வீட்டில் கருவி இருந்தது. அதன் மூளை வேறிடத்தில் இருந்தது.

பொதுமொழியும் பாலமும்

2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகல் ஆகிய நிறுவனங்கள் ஜிக்பீ கூட்டமைப்புடன் சேர்ந்து ஒரு பொதுத் தரத்தை உருவாக்க முன்வந்தன. அதன் பயனாக 2022 அக்டோபரில் 'மேட்டர்' வெளிவந்தது. வைஃபை, த்ரெட், ஈதர்நெட் ஆகியவற்றின் வழி இயங்கும் இத்தரத்தில், 'எரி', 'அணை', 'ஒளியைக் குறை' போன்ற கட்டளைகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை. கட்டளை வீட்டுக்குள்ளேயே செல்வது இதன் தனிச்சிறப்பு.

பழைய ஜிக்பீ கருவிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தேசிய இடைநிலைப்பள்ளியில் நாங்கள் மலாய்மொழியால் ஒன்றுகூடினோம். அதற்காக அவரவர் தாய்மொழியை விட்டுவிடவில்லை. அதுபோல, 'பாலம்' எனப்படும் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தால் பழையவையும் மேட்டர் கருவிகளோடு சேரும்.

2013-இல் தொடங்கப்பட்ட 'ஹோம் அசிஸ்டன்ட்' என்னும் இலவசத் திறமூல மென்பொருளும் இவ்வேலையைச் செய்யும். பழைய மடிக்கணினி ஒன்றில் இதனை நிறுவி, யூ.எஸ்.பி. ஜிக்பீ ஏற்பியைப் பொருத்தினேன். உணரி நேராக அதனோடு பேசியது. விளக்கை மட்டும் மேட்டர் வகைக்கு மாற்றினோம். திசைவியிலிருந்து இணையக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன், விளக்கு எரிந்தது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. பெட்டியில் மேட்டர் முத்திரை உள்ளதா?

2. இணையம் இல்லாதபோதும் கருவி இயங்குமா?

3. த்ரெட் கருவியானால், அதனை வீட்டு வலையமைப்போடு சேர்க்கும் எல்லைத் திசைவி நம்மிடம் உள்ளதா?

4. சுவர் சுவிட்சு என்றால், அதற்கு நியூட்ரல் கம்பி தேவையா? பல வீடுகளின் சுவிட்சுப் பெட்டியில் அக்கம்பி இருப்பதில்லை. இதனை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேட்டறிவதே பாதுகாப்பு.

ஆகவே, கருவியின் விலையை மட்டும் பாராமல், அது எந்த மொழி பேசுகிறது, யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்பதையும் அறிந்து வாங்குவோம்.