வளர்ப்புப் பறவையின் கண்ணோயும் எளியோர் செய்யத்தக்கனவும்

தோபித்து என்னும் முதியவர் சுவரோரம் துயின்றபோது குருவியின் எச்சம் கண்களில் வீழ்ந்து, வெண்படலம் படர்ந்து, பார்வை இழந்தார் என்றும், பின்னர் மீனின் பித்தினால் நலமுற்றார் என்றும் கத்தோலிக்கர் விவிலியத்திலுள்ள ஓர் ஆகமம் கூறும். பறவையால் மனிதன் கண் கெட்ட வரலாறு அது. எம் இல்லத்திலோ பறவையின் கண் எம்மாற் கெட்டது. ஆதலின் யாம் பிந்திக் கற்றதை ஏனையோர் முந்திக் கற்றல் நன்றென எண்ணி இதனை எழுதுகின்றோம்.

தூத்துக்குடியில் எம் வீட்டில் 'லவ் பேர்ட்ஸ்' என்று வழங்கும் சிறு கிளிகள் இரண்டு இருந்தன. இவை ஆஸ்திரேலியாவினின்று வந்த இனம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூட்டில் வளர்த்தலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்குகின்றது. ஒருநாட் காலை அவற்றுளொன்று இடக்கண்ணை மூடிச் சிறகை உப்பவிட்டு ஒதுங்கி நின்றது. "மருத்துவருக்குக் கொடுக்கும் பணத்தில் வேறொன்று வாங்கலாமே" என்றனர் அயலார். கையிற் பணமும் இல்லை. நாளை திறக்கும், நாளை திறக்கும் என்று மூன்று நாள் கழித்தோம். அதுவே எம் பிழை.

பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. வலியோர்க்கு இரையாகாதிருத்தற்கு இயற்கை அளித்த வழி அது. ஆதலின் நோய் நம் கண்ணுக்குப் புலனாகும்போதே அது முதிர்ந்திருத்தல் கூடும். இச்சிறு கிளியின் நிறை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம். ஒருநாள் உண்ணாதிருப்பினும் உயிர்க்கு இடராம்.

கண்ணோய்க்குக் காரணம் ஒன்றன்று. தூசி, உமி, கூட்டுக் கம்பி, இணைப்பறவையின் அலகு ஆகியவற்றால் புண் நேரலாம். எச்சம் குவிந்த கூட்டில் எழும் காரநெடியும் கண்ணை உறுத்தும். கிருமிகளால் கண் சிவந்து நீர் வடியலாம். பறவையின் மூக்கறைகள் கண்குழியை ஒட்டியிருத்தலால், சளிநோயும் கண்வீக்கமாகத் தோன்றும். இனி, தினையும் கம்பும் மட்டுமே தின்னும் பறவைக்கு 'ஏ' உயிர்ச்சத்துக் குறையும். அதனாற் கண்ணீர்ச் சுரப்பிகளின் உட்தோல் தடித்து வறண்டு, கிருமிக்கு வாயில் திறக்கும். காரணம் பலவாகலின் மருந்து ஒன்றாதல் இயலாது.

எம் பாட்டியார், கடல்நீராற் கழுவுங்கள் என்றார். இக்கரையில் 1961ஆம் ஆண்டுவரை முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்கியோர் கண் கடல்நீரில் எரிந்து சிவந்த செய்தியை முதியோர் அறிவர். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. கண்ணுக்கு ஒத்ததோ லிட்டருக்கு 9 கிராம். ஏறத்தாழ நான்கிலொரு பங்கு. ஆகவே கடல்நீரும், அளவறியாது உப்பிட்ட நீரும் ஆகா. கொதித்தாறிய நீர் அரை லிட்டரில் தூய சமையலுப்பு நாலரைக் கிராம் கரைத்து, சுத்தமான துணியை நனைத்து, இமைமேல் ஒட்டிய பீளையை மெல்ல ஊறவைத்துத் துடைக்கலாம். உலர்ந்ததைப் பிய்த்தல் தகாது. அந்நீரை நாள்தோறும் புதிதாக ஆக்குக.

அடுத்து யாம் கைநீட்டியது, வீட்டில் எஞ்சிய மனிதர் கண்சொட்டு மருந்தை. நல்லவேளை, அதனை இடவில்லை. அத்தகைய மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியிற் புண் இருப்பின் அது புண்ணை ஆறவொட்டாது. சிற்றுடலுட் கலந்து நோயெதிர்க்கும் ஆற்றலையும் குன்றச்செய்யும். தாய்ப்பால், வெங்காயச் சாறு முதலியவற்றைக் கண்ணிற் பிழிதலும் இவ்வாறே விலக்கத்தக்கது.

காசின்றிச் செய்யத்தக்கன சில உள. நோயுற்றதைத் தனிக்கூட்டில் வைத்துக் காற்றும் புகையும் படாது காக்க. வெதுவெதுப்பாக வைக்க. உணவையும் நீரையும் நல்ல கண் இருக்கும் பக்கம், அருகே தாழ வைக்க. கிராம் காட்டும் தராசில் நாள்தோறும் நிறுத்து எழுதுக. எடை குறைதல் தாமதம் கூடாதென்பதற்கு அறிகுறி.

காசு செலவிடுமிடம் ஒன்றுண்டு, அது பரிசோதனை. அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் நாடலாம். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்கு அண்மையது. "எம்மிடம் உள்ள பொருள் இவ்வளவே, முதலிற் செய்யவேண்டியது யாது?" என்று நாணாது கேட்க. மருத்துவர் எம்மைக் கடிந்திலர். நிறமருந்து ஒரு துளியிட்டு, கருவிழிப் புண் ஒளிர்தலைக் காட்டினார். எமது எஞ்சிய மருந்திலும் ஸ்டீராய்டு இருந்தமை அன்றுதான் அறிந்தோம். அவர் தந்த மருந்தின் விலை யாம் அஞ்சியதிற் குறைவு.

உணவும் திருந்தல் வேண்டும். மீனீரலெண்ணெயில் 'ஏ' உயிர்ச்சத்து மிகுதி; நம் கரைக்கு அது புதிதன்று. ஆயினும் அச்சத்து ஈரலில் தங்குமாதலின், அளவு மிஞ்சின் நஞ்சாம். முருங்கைக்கீரை, காரட், மஞ்சட்பூசணி ஆகியவற்றிலுள்ள கரோட்டினையோ உடல் வேண்டுமளவே மாற்றிக்கொள்ளும். புறக்கடை முருங்கை இங்கே விலையுயர்ந்த எண்ணெயினும் நன்று.

நம்மையும் காத்தல் கடன். கிளிகளிடமிருந்து மனிதர்க்குத் தொற்றும் நுரையீரற் காய்ச்சல் ஒன்றுண்டு. 1929-30ஆம் ஆண்டுகளில் அது அயல்நாட்டுக் கிளிகளின் வாணிகத்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிற்று. எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காது, நனைத்துத் துடைத்துக் கைகழுவுக. வீட்டிலொருவர்க்குக் காய்ச்சலும் இருமலும் வரின், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாது கூறுக.

எம் கிளி பிழைத்தது. எனினும் இடக்கண் மங்கிற்று. முதல்நாளே சென்றிருப்பின் அக்கண்ணும் தப்பியிருக்கலாம் என்றார் மருத்துவர். இப்போது கூட்டிலுள்ள தண்டுகளை இடம் மாற்றாது வைத்துள்ளோம். அது பழகிய வழியே தாவி, வலக்கண்ணாற் பார்த்து உண்கின்றது. வேறொன்று வாங்கலாமே என்ற சொல்லுக்கு யாம் கண்ட விடை இதுவே: சந்தையிற் சில காசுக்கு விற்ற குருவிகளையும் நம் ஆண்டவர் தம் போதனையில் நினைந்தார். வாங்கிய விலையளவே அன்பு எனின், நம்மிடம் கூட்டுக்குள் ஓர் உயிரை ஒப்புவித்தல் தகாது. பொருளில்லாமை குற்றமன்று, பொருளில்லை என்று நாளைக் கடத்துதலே குற்றம்.