கலஹா வீதியிலிருந்து எழுதிய ஆசிரியைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தெல்தோட்டைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறீர்கள். முதுமாணி செய்ய ஆசை, ஆனால் தயக்கமும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கண்டியின் பெரிய பாடசாலைகளில் படித்து வந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சம். அதைவிட, ஏழாம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு வசனம் ஒழுங்காக எழுத வராத இடத்தில் பிரயோக மொழியியல் படித்து யாருக்கு என்ன பிரயோசனம் என்ற கேள்வி. சாட்சியாக ஒரு பிள்ளையின் கொப்பியிலிருந்து ஒரு வரியும் அனுப்பியிருந்தீர்கள்: 'டு மீ டூ பிரதர் ஆர் தேர்.' இதே கேள்வி மலையகத்தில் இன்னும் பல ஆசிரியர்களிடம் இருப்பதால், பதிலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த வரியை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பிழை இருக்கிறது. சிவப்புப் பேனை இரண்டையும் ஒரே மாதிரித்தான் வெட்டும். ஆனால் அவை வந்த வழி வேறு வேறு. 'டு மீ... ஆர் தேர்' என்று எழுதிய பிள்ளை, 'எனக்கு... இருக்காங்க' என்று மனதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஹேவ்' போல ஒரு வினை தமிழில் கிடையாது; தம்பியோ காய்ச்சலோ, 'எனக்கு' என்றுதான் தொடங்குவோம். அடுத்தது 'டூ பிரதர்'. வீட்டில் 'ரெண்டு தம்பி', 'மூணு புத்தகம்' என்று பேசுகிற பிள்ளைக்கு, ரெண்டு என்று சொன்ன பிறகு பன்மை விகுதி எதற்கு என்று தோன்றுவது இயல்பு.

இப்போது அதே வீதியில் உள்ள சிங்களப் பாடசாலையை நினைத்துப் பாருங்கள். அங்கே படிக்கும் பிள்ளை வீட்டில் 'மட்ட மல்லிலா தென்னெக் இன்னவா' என்று சொல்லும். 'மட்ட' என்றால் எனக்கு. 'இன்னவா' என்றால் இருக்கிறார்கள். வசனத்தின் கட்டு நம்முடையதேதான். ஆனால் 'மல்லி' என்ற ஒருமை அங்கே 'மல்லிலா' என்று பன்மையாகிவிடுகிறது. ஆகவே தாய்மொழிதான் காரணம் என்றால், முதலாவது பிழை இரண்டு பாடசாலையிலும் வர வேண்டும். இரண்டாவது பிழை உங்களிடம் கூடுதலாகவும் அங்கே குறைவாகவும் இருக்க வேண்டும். அங்கேயும் பிள்ளைகள் அதே அளவுக்கு ஆங்கிலப் பன்மையின் 'எஸ்'ஸை விட்டுவிடுகிறார்கள் என்றால் பழியைத் தமிழின் மேல் போட முடியாது. ஆங்கிலம் படிக்கிற யாரும் கடந்து போகிற ஒரு கட்டம் அது என்று எடுக்க வேண்டிவரும். அல்லது சொல்லின் கடைசியில் வரும் அந்த மெல்லிய ஒலி காதில் விழாததும் காரணமாக இருக்கலாம். பிள்ளையை உரத்து வாசிக்க வைத்தால் கொஞ்சம் பிடிபடும்.

காரணம் தெரிந்தால் பாடம் மாறுகிறது. முதலாவது பிழைக்கு, தமிழ் வசனத்தையும் ஆங்கில வசனத்தையும் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதி, 'எனக்கு' எப்படி 'ஐ' ஆகிறது என்று காட்டலாம்; பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது ஒரு கட்டம்தான் என்றால் விளக்கத்தால் அதிகம் ஆகப்போவதில்லை. நிறையக் கேட்டு, நிறைய வாசித்துத்தான் அது வரும். அதற்காகப் பிள்ளைக்குப் புள்ளி வெட்டிக்கொண்டிருப்பது அநியாயம்.

பிழை எங்கிருந்து வருகிறது என்ற இந்த வாதம் புதிதல்ல. 1957இல் ராபர்ட் லாடோ என்ற அமெரிக்கர், தாய்மொழியையும் படிக்கும் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றார். பத்து வருடம் கழித்து எடின்பரோவில் பிட் கோர்டர், பிழை என்பது பிள்ளை தனக்குள் கட்டிக்கொண்டு வரும் விதிகளின் அடையாளம், அதை ஆசிரியர் வாசிக்கப் பழக வேண்டும் என்று எழுதினார். இந்த இரண்டு பேருக்கும் இடையிலான வழக்கை உங்கள் மேசையில் கிடக்கும் கொப்பிகளை வைத்தே விசாரிக்கலாம். பிரயோக மொழியியலில் பெரும் பகுதி இந்த மாதிரி விசாரணைதான். அதற்கு வேண்டிய தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் வகுப்பறையைப் பொறுத்தவரை, லண்டனிலிருந்து வரும் நிபுணருக்கு அந்த வசதி கிடையாது.

கூச்சத்துக்கு வருகிறேன். அதை உங்கள் சொந்தக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நாட்டில் அதற்கு ஒரு வரலாறு உண்டு, அதைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர்கள் பேராதனையில் இருந்திருக்கிறார்கள். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து, பேராதனையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த திரு கந்தையா 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் தமிழர் ஒருவர், அந்த வாள் யார் கையில் இருக்கிறது, யாரை வெளியில் நிறுத்துகிறது என்று கேட்டது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. அந்த வாள் உச்சரிப்பிலும் வெட்டும்: ஆங்கிலத்தின் இரண்டு ஒகர ஒலிகளைப் பிரித்துச் சொல்ல வராதவர்களை 'நொட் பொட்' என்று கேலி பண்ணுவார்கள். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். பின்னர் பேராதனையில் ஆங்கிலப் பேராசிரியரான அர்ஜுன பராக்கிரம, 1995இல் வந்த தன் நூலில், மேட்டுக்குடியின் பேச்சை மட்டுமே தராதரமாக வைப்பதையே கேள்விக்கு உள்ளாக்கினார். இவர்களைப் படித்துவிட்டு வகுப்பில் உட்காருங்கள். உங்கள் உச்சரிப்பே அங்கே ஒரு பாடப்பொருள் என்று தெரியவரும்.

இன்னொருவரைக் கட்டாயம் படிக்க வேண்டும்: சுரேஷ் கனகராஜா. யுத்த காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். முதலாம் வருட மாணவர் 22 பேர் இருந்த தன் வகுப்பையே ஆய்வுக்கு எடுத்தார். பாடநூல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அவர் செய்த அருமையான காரியம், வருட முடிவில் மாணவர்களின் பாடநூல்களை வாங்கி, ஓரங்களில் என்ன கிறுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததுதான். தமிழ்க் குறிப்புகள், சினிமா, காதல், போராட்டம், எல்லாம் அங்கே இருந்தன. அந்தப் புத்தகத்து உலகம் தங்களுடையதல்ல என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே, சோதனைக்கு இலக்கணம் சொல்லித் தாருங்கள் என்று கேட்டவர்கள் அந்தப் பிள்ளைகள். இரண்டையும் கனகராஜா மறைக்காமல் எழுதினார். 1993இல் கட்டுரையாகவும், 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட நூலின் பகுதியாகவும் அது வந்தது. இன்று உலகமெங்கும் இந்தத் துறையில் படிக்கப்படுகிறது. உங்கள் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தக ஓரங்களைப் பார்த்திருக்கிறீர்களா?

இனிக் காரியம். கலஹா பஸ் பேராதனை கெம்பஸுக்கு நடுவால்தான் போகிறது. ஒரு நாள் இறங்கி, பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் பாடத்திட்டத்தை நேரில் கேட்டு வாங்கிப் பாருங்கள். திறந்த பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிப்பதில் முதுமாணி நடத்துகிறது. அதன் கண்டி நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. விரிவுரை எங்கே நடக்கும், எந்த நாட்களில் நடக்கும், கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி இரண்டு வகை: பாடநெறி மட்டும் என்றால் 9ஆம் மட்டம், 30 திறமைப் புள்ளி, ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 புள்ளி. முடியுமானால் இரண்டாவதைச் செய்யுங்கள். கஷ்டம்தான்; வாசிப்பு மலைபோல் குவியும், வார இறுதிகள் போய்விடும். ஆனால் உங்களைப் போன்றவருக்கு இந்தப் படிப்பின் உயிரே அந்த ஆய்வேட்டில்தான் இருக்கிறது.

அதிலும் ஒரு வேண்டுகோள். ஐம்பது பேருக்கு வினாக்கொத்து கொடுத்து, 'ஆங்கிலம் முக்கியம் என்று நினைக்கிறீர்களா' என்று கேட்டு, வட்ட வரைபடம் போட்டு முடிக்கும் ஆய்வேடுகள் போதும் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டன. தோட்டப் பாடசாலையில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் இருந்து எழுத வேண்டியது அதுவல்ல. அந்த 'டு மீ' வரியை எழுதுங்கள்.

விரிவுரை தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த தவணையில் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவதற்கு முன்பே பிரதி எடுத்து வையுங்கள். அதிபரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெயர்களை மறைத்து இலக்கம் போடுங்கள். திகதியும் தரமும் குறியுங்கள். சிங்களப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கண்டியிலிருந்து, உங்களுக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்த ஒரு அக்கா