மரபுரிமைத் தலங்களும் சூரிய சக்தியும்

"தொல்பொருள் தலமொன்றில் சூரிய சக்தியைப் பயன்படுத்தலாமா?" என்று வினவப்பட்டால், பலர் நன்மைகளை மட்டும் அடுக்கிவிட்டுப் பேனையை வைத்துவிடுகின்றனர். அது அரை விடையே. சூரியத் தகடுகளை எங்கே பொருத்துவது என்பதையும் எழுத வேண்டும்.

உதாரணம்: மொதேரா

இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள மொதேரா சூரியக் கோயில், 11ஆம் நூற்றாண்டில் சோலங்கி மன்னன் முதலாம் பீமன் காலத்தில் கட்டப்பட்டது. 2022 ஒக்டோபர் 9ஆந் திகதி மொதேரா, 24 மணி நேரமும் சூரிய மின்சாரம் பெறும் இந்தியாவின் முதற் கிராமமாக அறிவிக்கப்பட்டது.

கவனியுங்கள்:

1. 6 மெகாவாற்று மின் நிலையம் அயலிலுள்ள சுஜ்ஜன்புராவில் நிலத்தில் அமைந்துள்ளது.
2. 1,300க்கும் மேற்பட்ட வீட்டுக் கூரைகளில் 1 கிலோவாற்றுத் தொகுதிகள் உள்ளன.
3. பகலில் மின்கலங்களில் சேமிக்கப்படும் மின்சாரம் இரவில் உதவுகிறது.
4. கோயிலின் இரவு ஒளிக்காட்சியும் சூரிய சக்தியால் இயங்குகிறது.

பயன் கோயிலுக்கு, தகடுகளோ வீட்டுக் கூரைகளிலும் வெளி நிலத்திலும். பழைய கல்லில் துளையிட்டால் அந்தச் சேதத்தை மீட்க முடியாது. தகட்டையோ எங்கும் மாற்றி வைக்கலாம். இக்காரணத்தை எழுதினால் விடை முழுமை பெறும்.

பயிற்சி

நீங்கள் கல்விச் சுற்றுலா செல்லும் பொலன்னறுவை, 1982 முதல் உலக மரபுரிமைத் தலமாகும். அங்கு சூரியத் தகடுகளைப் பொருத்தத்தக்க இரு இடங்களையும் பொருத்தக்கூடாத ஓரிடத்தையும் காரணத்துடன் எழுதுக.

(குறிப்பு: வாகனத் தரிப்பிடம், நுழைவுச்சீட்டு நிலையம் ஆகியவற்றைச் சிந்தியுங்கள்.)