துணிக்கேற்ற ஊசி

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ளது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளத்தால் பெயர்பெற்ற இப்பகுதியை அடுத்து மெட்டியாபுரூஸ் என்னும் இடம் உள்ளது. 1856ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடம் ஆட்சியை இழந்த அவத் நாட்டு நவாப் வாஜித் அலி ஷா இங்கு வந்து குடியேறினார். அவருடன் வந்த தையற்கலைஞர்களால்தான் இங்குத் தையல் தொழில் வேரூன்றியது என்பர். இன்றும் இவ்விடத்துச் சந்துகளில் தையல் இயந்திரங்களின் ஓசை கேட்கும். பட்டறை நடத்துபவரை இங்கு 'ஒஸ்தாகர்' என்று அழைப்பர்.

இத்தொழிலில் தைத்துக் கொடுத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவோர் பலர். ஊசி முறிந்தால் நேரம் போகும். துணி பாழானால் கூலியே போகும். ஆகவே கைதேர்ந்த தையற்காரர், துணியைத் தொட்டும் இழுத்தும் பார்த்த பின்னரே ஊசியை எடுப்பார்.

இழுத்துப் பார்ப்பது ஏன்? சட்டைத்துணி நெய்யப்பட்டது; அதில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கூர்முனை ஊசி அதனை எளிதில் துளைத்துச் செல்லும். திருப்பூரின் புகழ்பெற்ற பனியன் துணியோ பின்னப்பட்டது; கண்ணி கண்ணியாக அமைந்து, இழுத்தால் நீள்வது. கூர்முனை ஊசி அக்கண்ணிகளை அறுத்துவிடக்கூடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. சில முறை துவைத்த பின் தையலோரத்தில் சிறு சிறு ஓட்டைகள் தோன்றும். அதற்குள் ஆடை விற்றுப் போயிருக்கும்! பனியன் துணிக்கு முனை சற்றே உருண்ட ஊசி வேண்டும். அது இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும்.

தோலுக்கு உரிய ஊசியின் முனை சிறு கத்தி போன்றது. அதைத் துணிக்குப் பயன்படுத்தலாகாது. துணி தைப்பதும் தோல் தைப்பதும் வெவ்வேறு தொழில்கள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் துன்னகாரரையும் தோலின் துன்னரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது.

ஊசி உறையில் 90/14 போன்ற எண்கள் இருக்கும். 90 என்பது ஊசித்தண்டின் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 14 என்பது அதே அளவுக்கான மற்றொரு வழக்கு. மல்மல் போன்ற மெல்லிய துணிக்கு 60 முதல் 70 வரை, சட்டைத்துணிக்கு 80 அல்லது 90, ஜீன்சுக்கு 100 அல்லது 110 பொருந்தும். மெல்லிய துணியில் தடித்த ஊசி ஓட்டை விடும். தடித்த துணியில் மெல்லிய ஊசி வளைந்து, தகட்டில் மோதி முறியும்.

ஊசியின் துளையைத் தமிழில் காது என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது கண். கையூசியில் காது தலைப்பக்கம் இருக்கும். இயந்திர ஊசியில் முனையருகே இருக்கும். 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்தின் ஊசியும் இத்தகையதே. ஊசி இறங்கி மீண்டும் எழும்போது, நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. கீழுள்ள கொக்கி அவ்வளையத்தைப் பற்றிப் பாபின் நூலோடு பிணைக்கிறது. ஊசி வளைந்திருந்தால் கொக்கிக்கு வளையம் எட்டாது. தையல் விட்டு விட்டு விழும். பலர் அப்போது இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கொண்டுசெல்வர். முதலில் ஊசியை மாற்றிப் பார்ப்பதே நன்று.

நூல் பொருந்துமா என அறிய எளிய வழி உண்டு. ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தடையின்றி வழுக்கி இறங்கினால் பொருத்தம். சிக்கி நின்றால் காது சிறிது.

மெட்டியாபுரூஸ் பட்டறை இயந்திரங்களுக்கான ஊசியின் அடிப்பகுதி பெரும்பாலும் முழு உருளையாக இருக்கும். வீட்டு இயந்திர ஊசியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடையில் அளவை மட்டும் சொல்லாமல், பழைய ஊசியையும் கொண்டுசென்று காட்டுங்கள்.

பயிற்சி

1. பனியன் துணிக்குக் கூர்முனை ஊசி ஏன் ஏற்றதன்று?
2. உங்கள் வீட்டிலுள்ள மூன்று துணிகளைத் தொட்டும் இழுத்தும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஊசியை எழுதுக.
3. 'காது' என்னும் சொல்லை இரு பொருள்களில் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.