ஓர் அடிமையின் ரொட்டி

கி.பி. 79ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள வெசுவியஸ் எரிமலை வெடித்தது. அதன் அருகிலிருந்த பொம்பெய், ஹெர்குலேனியம் ஆகிய ரோமானிய நகரங்கள் சாம்பலுக்கும் கற்களுக்கும் அடியில் புதைந்துபோயின. பல நூற்றாண்டுகள் கழித்து, ஹெர்குலேனியத்தைத் தோண்டியவர்களுக்குக் கரிந்துபோன வட்ட ரொட்டி ஒன்று முழுமையாகக் கிடைத்தது. பிட்டுத் தின்ன வசதியாக அதன்மேல் கீறல்கள் இருந்தன. ஒரு முத்திரையும் பதிந்திருந்தது. ‘குவிண்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமை கெலருடையது’ என்பது அதன் பொருள்.

அந்த முத்திரையை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உரிமையாளருக்கு மூன்று பெயர்கள்; அடிமைக்கு ஒரே பெயர். அக்காலத்தில் மூன்று பெயர் கொண்டிருப்பது ரோமானியக் குடிமகனின் அடையாளம். அடிமையோ சட்டத்தின் பார்வையில் வெறும் சொத்து. ஆடுமாடுகளைப் போல அவரை விற்கலாம், வாங்கலாம்.

ரொட்டிக்கூடத்தில் அடிமைகள் பட்ட பாட்டைப் பொம்பெய் நகரம் இன்றும் காட்டுகிறது. 2023இல் அங்கே வெளிப்பட்ட ஒரு ரொட்டிக்கூடத்தின் சன்னல்கள் மிகச் சிறியவை; உயரத்தில் அமைந்தவை; அவற்றிலும் இரும்புக் கம்பிகள். தெருவுக்குச் செல்லத் தனி வாசல் இல்லை. மாவரைக்கும் எந்திரக் கல்லைச் சுற்றிச்சுற்றி வந்த கழுதைகள் கால் வைப்பதற்காகத் தரையில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. அதே இருட்டறையில்தான் அடிமைகளும் உழைத்தார்கள்.

குடிமக்கள் அனைவரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். செனட் உறுப்பினர்களும் செல்வர்களும் வெள்ளை ரொட்டி உண்டார்கள். சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் கப்பலேறிய மிளகு அவர்கள் உணவில் மணந்தது. ஏழைகளுக்குத் தவிடு கலந்த கறுத்த ரொட்டிதான். ரோம் நகரில் ஏழைகள் பலர் அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருந்தார்கள். இன்று மேல்மாடி வீடுகளுக்கு விலை அதிகம். அன்றோ மின்தூக்கி இல்லை. தண்ணீரையும் சுமந்தே ஏற வேண்டும். தீப்பிடித்தால் தப்புவதும் கடினம். ஆகவே, மேலே செல்லச்செல்ல வாடகை குறைந்தது. சமையலறை இல்லாத வீடுகளே மிகுதி என்பதால் தெருவோர உணவுக்கடைகளில் எப்போதும் கூட்டம்தான்.

இந்த ஏழைகளுக்கு ஓர் ஆதரவு இருந்தது. ரோம் நகரக் குடிமக்களுக்கு அரசு இலவசமாகத் தானியம் வழங்கியது. கி.மு. 2ஆம் ஆண்டில் 200,000க்கும் சற்று அதிகமான ஆண்கள் அதைப் பெற்றார்கள். அடிமைக்கு அதில் பங்கில்லை.

ஆயினும், அடிமையாகப் பிறந்தவர் அடிமையாகவே இறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துச் சிலர் விடுதலை பெற்றார்கள். சிலரை உரிமையாளரே விடுவித்தார். அப்படி முறைப்படி விடுதலை பெற்றவர், தம் பழைய உரிமையாளரின் முதல் இரண்டு பெயர்களையும் தம் பெயரின் முன் சேர்த்துக்கொள்வார். கெலர் விடுதலை பெற்றால் குவிண்டஸ் கிரானியஸ் கெலர் ஆகிவிடுவார்! அப்போதும் அவரால் அரசுப் பதவி வகிக்க முடியாது; விடுதலைக்குப் பின் அவருக்குப் பிறக்கும் மகனால் முடியும்.

ரோம் நகரில் மார்க்கஸ் வெர்கிலியஸ் யூரிசாசெஸ் என்பவரின் கல்லறை இன்றும் நிற்கிறது. கடைசிப் பெயர் கிரேக்கப் பெயர் என்பதால், அவர் விடுதலை பெற்ற அடிமையாக இருக்கலாம் என அறிஞர் பலர் கருதுகின்றனர். ரொட்டி செய்து பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். தம் தொழிலை அவர் மறைக்கவில்லை. கல்லறையிலேயே பொறித்து வைத்தார். மாவரைப்பது, பிசைவது, அடுப்பிலிடுவது, எடை போடுவது என ஒவ்வொரு வேலையும் அதன் மேற்பகுதியில் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. நீண்ட மேலாடை அணிந்தவர்கள் மேற்பார்வையிட, குட்டை உடையில் பலர் உழைக்கிறார்கள்.

யூரிசாசெஸின் பெயர் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. உழைப்பவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.