துப்பறியும் கதைகளை வரிசையாகப் படிப்போம்

மாணவியர் விரும்பிப் படிக்கும் நூல்களில் துப்பறியும் கதைகளுக்குத் தனி இடம் உண்டு. ஒரே துப்பறிவாளர் பல நூல்களில் தொடர்ந்து வரும்போது, கைக்குக் கிடைத்த நூலை முதலில் படித்துவிடுவதே நம்மில் பலரின் வழக்கம். "ஒவ்வொரு கதையிலும் மர்மம் விளங்கிவிடுகிறதே, வரிசை எதற்கு?" என்று கேட்கலாம். மர்மம் விளங்கும், மனிதர் விளங்கமாட்டார் என்பதே அதற்கு விடை.

நம் தமிழிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. தேவன் 1940களில் ஆனந்த விகடனில் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அசடு என்று எண்ணும் வங்கி எழுத்தர் சாம்பு, தற்செயலாகத் துப்பறிவாளராகிறார். பின் வேம்புவின் கணவராகிறார். ஒவ்வொரு கதையும் தனியே நகைப்பூட்டும். ஆனால் அவர் புகழ் வளர்ந்த வேடிக்கையை வரிசையாகப் படிப்பவரே முழுமையாகச் சுவைப்பர். அவ்வாறே சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் தனியாகவே வந்தார். வசந்த் பின்னரே அவருடன் சேர்ந்தார்.

வரிசையின் அருமையை மிகத் தெளிவாகக் காட்டுபவர் ஆங்கில எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன். அவர் படைத்த துப்பறிவாளர் ஒரு கத்தோலிக்கக் குரு. பிரவுன் அடிகளார் வரும் ஐந்து நூல்கள் 1911, 1914, 1926, 1927, 1935 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. ஜான் ஓகானர் என்னும் உண்மையான குருவை மனத்தில் கொண்டே இப்பாத்திரத்தைப் படைத்தார். செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததோ 1922இல்தான்!

முதல் கதையில் பிளாம்போ என்னும் பெருந்திருடன் நீலக்கல் பதித்த சிலுவையைக் கவர முயன்று தோற்கிறான். நான்காம் கதையில் திருடிய வைரங்களுடன் இரவில் தோட்டத்து மரத்தின்மேல் ஒளிந்திருக்கிறான். அடிகளார் காவலரை அழைக்கவில்லை. கீழே நின்றபடி, இந்தப் பாதை அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று எடுத்துரைக்கிறார். வைரங்கள் மரத்திலிருந்து கீழே விழுகின்றன. அடுத்த கதையில் பிளாம்போ நேர்மையான துப்பறிவாளன், அடிகளாரின் நண்பன். ஐந்தாம் கதையை முதலில் படித்தவளுக்கு அவன் வெறும் நண்பனே. வரிசையாகப் படித்தவளுக்கோ அவன் மனந்திரும்பிய மகன். இரண்டாம் கதையின் அதிர்ச்சியும் முதல் கதையைப் படித்தவருக்கே முழுமையாகப் புலப்படும். அது என்னவென்று இங்கே சொல்லமாட்டேன்!

சில தொடர்களில் வரிசை இரண்டு வகைப்படும். ஒன்று வெளியான வரிசை. மற்றொன்று நிகழ்ச்சிகளின் வரிசை. ஆர்தர் கானன் டாயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸ் இறந்ததாக எழுதினார். 1901இல் மீண்டும் ஒரு ஹோம்ஸ் நாவலைத் தொடங்கியபோது, அதை இறப்புக்கு முந்திய நிகழ்ச்சியாகவே அமைத்தார். 1903இல்தான் ஹோம்ஸை உயிருடன் திரும்ப அழைத்துவந்தார். இத்தகைய இடங்களில் வெளியான வரிசையிலேயே படிப்பது நலம். எழுத்தாளர் தம் வாசகருக்கு எதை, எப்போது சொல்ல விரும்பினாரோ அப்படியே நமக்கும் கிடைக்கும்.

இனி, செய்ய வேண்டியவை:

1. நூலின் முதற்பக்கங்களில் முதற்பதிப்பு ஆண்டைப் பாருங்கள். மறுபதிப்பின் ஆண்டை அதுவென்று எண்ணிவிடாதீர்கள்.

2. ஒரு குறிப்பேட்டில் தலைப்புகளை ஆண்டுவாரியாக எழுதுங்கள்.

3. ஒவ்வொரு கதை முடிவிலும் துப்பறிவாளரிடமும் அவர் தோழரிடமும் என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

4. இடையில் ஒரு நூல் கிடைக்காவிட்டால் அதன் இடத்தை வெறுமையாக விட்டுத் தொடருங்கள், கிடைத்ததும் நிரப்புங்கள்.

5. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதீர்கள்.

நம் குலசேகரத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர் நேற்றைய வெட்டுக்குச் சற்றே கீழேதான் இன்று வெட்டுகிறார். நினைத்த இடத்தில் வெட்டினால் மரம் கெடும். படிப்பும் அப்படித்தான். மனிதர் ஒரே நாளில் கெடுவதுமில்லை, திருந்துவதுமில்லை என்பதை வரிசையாகப் படிப்பவர் அறிவர். பிறர் குற்றத்தைத் தேடிச் செல்லும் கதை, இரவில் நாம் செய்யும் ஆத்தும சோதனைக்கும் துணையாகுமானால் அதனினும் பெரிய பயன் வேறென்ன?