மூன்று நாள் வேலிக்கு ஒரு நாள் கூலி

இங்கிலாந்தின் தெற்கே, சர்ரி பக்கம், ஒருவர் தனியாளாகத் தோட்ட வேலை செய்கிறார். பழைய வேன் ஒன்று, ஹெட்ஜ் டிரிம்மர் இரண்டு, மூன்றுகால் ஏணி, நாலைந்து தார்ப்பாய். முதலீடு இவ்வளவுதான். புல் வெட்டுவதும் பாத்தி கொத்துவதும் மணிக்கூலியில் ஓடும். பெரிய உயிர்வேலி கிடைத்தால்தான் கையில் காசு நிற்கும் என்று சொல்லக் கேட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர், முதல் பெரிய வேலியிலேயே கையைச் சுட்டுக்கொண்டார்.

2018ஆம் ஆண்டுக் கதை அது. லேலாண்டி என்ற சைப்ரஸ் வகை மரத்தின் வேலி. 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம். மூன்று வருடமாக யாரும் தொடாதது. "மேலோட்டமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும்" என்றார் வீட்டுக்காரர். இவரும் வாசலில் நின்றபடியே கண்ணால் அளந்து "250 பவுண்டு" என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் வேலை என்பது மனக்கணக்கு.

வெட்டி முடிக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆனது. வேலையே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. புல்தரை தெரியாத அளவுக்குத் தழை. மூன்று வருட வளர்ச்சி என்பதால் எல்லாம் கட்டைவிரல் தடிமன் கிளைகள். பையில் அடங்காமல் முறைத்துக்கொண்டு நின்றன. முதல் வண்டிச் சுமையை நகராட்சிக் குப்பை மையத்துக்குக் கொண்டுபோனார். வீட்டுக் குப்பைக்கு மட்டுமே அனுமதி, தொழில் கழிவுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எடை போட்டுக் காசு வாங்கும் தனியார் தழைக்கழிவுக் கிடங்குக்கு மூன்று நடை. அங்கே 110 பவுண்டு, டீசலுக்கு 25. மூன்றாம் நாள் மாலை கையில் மிஞ்சியது 115 பவுண்டு, அதாவது நாளுக்கு 38. அந்த வருடம் அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7.83 பவுண்டு. கடையில் அலமாரி அடுக்கியிருந்தால்கூட எட்டு மணி நேரத்துக்கு 62 பவுண்டுக்கு மேல் கிடைத்திருக்கும்.

அன்றிரவு வேனில் ஒரு அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் ஏறின. இன்றுவரை இறங்கவில்லை.

நீளத்தை வைத்து விலை சொல்வதுதான் பலருடைய வழக்கம். அவருடைய கணக்கு வேறு, பரப்பில் போகும். அதே லேலாண்டியை எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் 180 சதுர மீட்டர், மேல்பகுதி 45, மொத்தம் 225. இதே 30 மீட்டர் நீளத்தில் 2 மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள வேலி என்றால் 150தான். நீளம் ஒன்றே, வேலை ஒன்றரை மடங்கு.

பரப்பு பாதிக் கணக்கு. மீதிப் பாதி, போன தடவை எப்போது வெட்டினார்கள் என்பது. வருடந்தோறும் வெட்டப்படும் வேலியில் அள்ளுவதும் சேர்த்து மணிக்கு 40 சதுர மீட்டர் வரை தன்னால் முடிகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மூன்று வருடம் விட்ட வேலியில் 10 தாண்டுவதில்லை. 225 சதுர மீட்டர் முன்னதில் ஆறு மணி நேரம். பின்னதில் மூன்று முழு நாள். முதல் வேலியில் அவர் பிசகியது இங்கேதான். இந்த எண்களை இன்னொருவர் கடன் வாங்கிப் பயனில்லை. அவரவர் கைக்கும் கருவிக்கும் அவரவர் எண். பத்து வேலியாவது நேரம் குறித்து வெட்டினால்தான் அது பிடிபடும்.

உயரம் தனிக்கதை. தரையில் நின்று நீளக்கை டிரிம்மரால் எட்டும்வரை வேலை நடைவேகத்தில் போகும். ஏணி வந்துவிட்டால் ஏறு, வெட்டு, இறங்கு, நகர்த்து. இரண்டடிக்கு ஒரு தடவை. வேலி அகலமாக இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து நடுமுதுகு எட்டாது. மறுபக்கம் போயாக வேண்டும். அதற்கும் மேல் உயர்ந்தால் ஆளைத் தூக்கிச் செல்லும் மேடை வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த வாடகையை அவர் தன் கூலிக்குள் ஒளித்து வைப்பதில்லை, தனி வரியாக எழுதிவிடுகிறார்.

உயரம் என்ன செய்யும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் ஒரு சாட்சி நிற்கிறது. 1745இல் நட்ட மைக்கிளவர் பீச் வேலி, 530 மீட்டர் நீளம், சுமார் 30 மீட்டர் உயரம். அதை வருடந்தோறும் வெட்டுவதை யாரும் நினைத்தும் பார்ப்பதில்லை. வேல்ஸில் போவிஸ் கோட்டையின் யூ மர வேலிகளுக்கும், மேடை வண்டியும் இயந்திரமும் இருந்தும், வாரக்கணக்கில் ஆகிறது. சர்ரிக்காரரிடம் அந்த அளவு வேலி வந்ததில்லை. வந்தால் ஓடிவிடுவேன் என்கிறார்.

மரத்தின் குணமும் விலையில் சேரும். யூ மரத்தைப் பழைய கட்டைவரை வெட்டினாலும் துளிர்த்துவிடும். லேலாண்டி அப்படியல்ல. பச்சையைத் தாண்டிப் பழுப்புக் கட்டையைத் தொட்டால் அந்த இடம் மொட்டைதான், திரும்பப் பச்சை பிடிக்காது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த இரு வகை சைப்ரஸ் மரங்கள் வேல்ஸில் லெய்டன் ஹால் தோட்டத்தில் பக்கத்தில் நின்று தற்செயலாகக் கலந்ததில் 1888 வாக்கில் பிறந்த கலப்பினம் அது. வருடத்துக்கு 75 முதல் 90 செ.மீ. வரை வளரும். மறைப்பு வேண்டும் என்று ஆசையாக நட்டவர்களே பிறகு அகலத்தைப் பாதியாக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "பக்கவாட்டில் பழுப்புத் தெரிந்தால் நான் பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் அவர் கத்தியைத் தொடுவதில்லை. அண்டை வீட்டார் புகார் கொடுத்து உயரத்தைக் குறைக்க வரும் வேலைகளும் உண்டு. 2 மீட்டருக்கு மேற்பட்ட பசுமை மாறா வேலிகள் மீதான புகாரை விசாரிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிக்கு அதிகாரம் தருகிறது. அது கவாத்து அல்ல, ரம்ப வேலை. விலையும் அதற்கேற்றபடி வேறு.

இன்னொரு பொறி காலண்டரில் இருக்கிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். பயன்பாட்டில் இருக்கும் கூட்டை வேண்டுமென்றே சிதைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஏப்ரலில் பார்த்து விலை சொன்ன வேலியை ஜூனில் வெட்டப் போனார். உள்ளே கூடு, கூட்டில் குஞ்சுகள். செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார். செப்டம்பரில் வேலி அரை மீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தது, விலை மட்டும் ஏப்ரல் விலையாகவே இருந்தது. இப்போதெல்லாம் அவருடைய விலைத்தாளில் தேதியும் அது செல்லுபடியாகும் கெடுவும் இருக்கும்.

விலைத்தாள் என்பதிலும் இரண்டு வகை. பிரிட்டனில் "எஸ்டிமேட்" என்றால் உத்தேசம். "கொட்டேஷன்" கொடுத்து வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் அதுதான் விலை, பிறகு ஏற்ற முடியாது. வாசலில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வது அங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறது. அவர் இப்போது அளந்துவிட்டு, "இன்று இரவு எழுதி அனுப்புகிறேன்" என்று கிளம்பிவிடுகிறார். வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது எத்தனை பக்கம், எவ்வளவு குறைப்பு, கழிவை யார் எடுப்பது என்று எல்லாம் வரும். அண்டை வீட்டுப் பக்கம் தனி வரி. அவர்கள் அனுமதித்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும். "பேசியாச்சு, பிரச்சினை இல்லை" என்று வாடிக்கையாளர் சொன்ன வீடுகளில் இரண்டு முறை பூட்டிய கேட்டின் முன் நின்றிருக்கிறார்.

நாள்கூலி வாங்கிக்கொண்டால் இந்தத் தலைவலியெல்லாம் இல்லையே? அதையும் பார்த்தார். நல்ல இயந்திரம் வாங்கி வேலையைச் சீக்கிரம் முடித்தால் வருமானம் குறைந்தது. தேநீர் குடிக்க உட்கார்ந்தால் ஜன்னல் திரை அசைந்தது. விட்டுவிட்டார். ஆனாலும் ஒரு நாளில் எவ்வளவு வந்தாக வேண்டும் என்ற எண் அவர் மனதில் உண்டு. மழை, விலை பார்க்கப் போகும் நாள், வேலையே வராத ஜனவரி எல்லாம் கழித்தால் வருடத்தில் 200 நாள் சம்பாதித்தால் அதிகம். காப்பீடு, பிளேடு தீட்டுவது, வேன் எல்லாம் அந்த 200 நாளின் தலையில்தான். செலவு போக நிற்கும் லாபத்தில் 12,570 பவுண்டுக்கு மேற்பட்டதற்கு வருமான வரி 20 சதவீதம், தேசியக் காப்பீடு 6 சதவீதம். பவுண்டுக்கு 26 பென்ஸ் அரசாங்கத்துக்கு. நாள் முழுக்க டிரிம்மர் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். அதனால் பெரிய வேலிகளை அடுத்தடுத்த நாளில் வைப்பதில்லை. அந்த ஓய்வுக்கும் யாராவது காசு கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

ஒரு கோடையில் அவர் சொன்ன விலையை எட்டுப் பேரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், அவர் கவலைப்பட்டார். யாருமே முகம் சுளிக்காத விலை தாழ்ந்த விலைதான். அடுத்த பருவத்தில் கூட்டினார். மூன்று பேர் போனார்கள். வருமானம் குறையவில்லை, முதுகுவலி குறைந்தது.

அந்த முதல் லேலாண்டிக்காரர் அடுத்த வருடமும் கூப்பிட்டார், அதே 250ஐ எதிர்பார்த்து. இவர் நோட்டைத் திறந்து 225 சதுர மீட்டரையும் கிடங்கு ரசீதுகளையும் காட்டினார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன வருடமே சொல்லியிருக்கலாமே" என்றார். இப்போது அந்த வேலியை ஒவ்வொரு செப்டம்பரிலும் வெட்டுகிறார். காலை எட்டுக்குத் தொடங்கினால் மூன்று மணிக்குள் ஒரே வண்டிச் சுமையோடு முடிகிறது. விலை 320 பவுண்டு, கழிவு சேர்த்து.